ஒரு அலை காணாமப் போன கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு அலையோட வரலாறு. அலைக்கு என்னய்யா வரலாறு, வந்துச்சு, உடைஞ்சுது, போச்சு, அவ்வளவுதானேன்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன், முந்தாகாவைப் பத்திப் படிக்கிற வரைக்கும்.

ஸ்பெயினின் வடக்குக் கரையில், பாஸ்க் நாட்டில் இருக்கிற ஊர் முந்தாகா. ரெண்டாயிரம் பேர்கூடத் தேறாது. ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம், கடலை ஒட்டி ஒரு பழைய தேவாலயம். பக்கத்திலேயே ஓகா ஆறு கடலில் கலக்குது. பிக்காஸோவின் ஓவியத்தால உலகத்துக்கே தெரிஞ்ச குவெர்னிகா, 1937 ஏப்ரல் 26 அன்னைக்குக் குண்டு போட்டு அழிக்கப்பட்ட ஊர், இதே ஆற்றின் மேல்பக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துலதான் இருக்கு.

1970களில் வெளிநாட்டு சர்ஃபர்கள் இந்த ஊரைத் தேடி வர ஆரம்பிச்சாங்க. அவங்களை இழுத்தது முகத்துவாரத்தில் எழும்புற ஒரு 'லெஃப்ட்'. பலகை மேல நின்னு கரையைப் பார்க்கிறவருக்கு இடது பக்கமா உடைஞ்சுக்கிட்டே போற அலைக்கு அந்தப் பேரு. நல்ல நாளில் ஒரே அலையில் 300 மீட்டர் போகலாம். உள்ள குழாய் மாதிரி வளைஞ்சு, ஆளையே மூடிக்கும். ஐரோப்பாவின் மிகச் சிறந்த லெஃப்ட்களில் ஒண்ணுன்னு சர்ஃபர்கள் கொண்டாடுற அலை இது.

ஆனா இது எல்லாருக்குமான அலை இல்ல. நான் இன்னும் நுரையில் உருண்டுக்கிட்டு இருக்கிற கத்துக்குட்டி. என்னை மாதிரி ஆளுங்க கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். அங்க இறங்கணும்னா சில கணக்குகள் தெரிஞ்சிருக்கணும். அட்லாண்டிக்கில் எங்கயோ அடிச்ச புயல், வடமேற்கிலிருந்து பெரிய அலைகளை அனுப்பணும். அதனாலதான் இலையுதிர் காலமும் குளிர்காலமும் இங்க சீசன். காத்து தெற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசணும். அப்பத்தான் அலையின் முகம் கலையாம நிக்கும். கடல் நல்லா வத்தியிருக்கணும். தண்ணி ஏறிட்டா மணல் திட்டு ஆழத்துக்குப் போயிடும், அலை ஒழுங்கா உடையாது.

இதுல வேடிக்கை என்னன்னா, அங்க இருக்கிற பெரிய ஆபத்தேதான் பெரிய வசதியும். கடல் வத்தும்போது ஆத்துத் தண்ணி வேகமா வெளிய பாயும். விவரம் தெரிஞ்சவங்க துறைமுக வாசலில் இறங்குவாங்க, அந்த ஓட்டமே அவங்களை அலை எழும்புற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுடும். விவரம் தெரியாதவங்களை அதே ஓட்டம் கடலுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிடும்.

ஸ்வெல், காத்து, ஓதம் மூணையும் இன்னைக்கு ஆப்பில் பார்த்துடலாம். நாலாவதா ஒண்ணு இருக்கு. அதை எந்த ஆப்பும் நாலு நாள் முன்னாடி சொல்லாது. அதுதான் மணல்.

பாறை மேல உடையுற அலைன்னா, பாறை நேத்து இருந்த இடத்துலதான் இன்னைக்கும் இருக்கும். முகத்துவாரம் அப்படி இல்ல. ஆறு மணலை வெளிய தள்ளும், கடல் அதைத் திருப்பித் தள்ளும். ரெண்டும் சமரசம் ஆகிற இடத்துல ஒரு திட்டு உருவாகும். முந்தாகா அலைங்கிறது அந்தச் சமரசத்தின் வடிவம்தான். திட்டு மாறினா அலையும் மாறிடும்.

2003ல அந்தத் திட்டு மாறுச்சு. ஆற்றின் கழிமுகத்துக்குள்ள முருவெட்டாங்கிற இடத்தில் ஒரு கப்பல் கட்டும் தளம் இருக்கு. 1943லிருந்தே அங்க கப்பல் கட்டுறாங்க. கட்டின கப்பல் கடலுக்குப் போகணும்னா வழியில் ஆழம் வேணும், கழிமுகமோ மணல் மூடிக் கிடக்கு. அதனால அந்த வருஷம் ரெண்டு லட்சம் கன மீட்டருக்கும் மேல மணலைத் தோண்டி இடம் மாத்தினாங்க. கப்பலுக்கு வழி கிடைச்சுது. ஆனா தண்ணி ஓடுற பாதையும் மாறுச்சு, வெளிய இருந்த திட்டும் உருக்குலைஞ்சுது. ஒழுங்கா ஒரு பக்கமா உரிஞ்சுக்கிட்டுப் போன அலை, மொத்தமா ஒரே நேரத்துல பொத்துனு விழ ஆரம்பிச்சுது.

1999லிருந்து உலக சாம்பியன்ஷிப் தொடரின் ஒரு போட்டி, பில்லாபாங் ப்ரோ, இங்க நடந்துக்கிட்டு இருந்தது. 2005ல அது ரத்து. காரணம் மழையோ புயலோ இல்ல. போட்டி நடத்த அங்க அலையே இல்ல!

ரெண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு இது விளையாட்டுச் செய்தி மட்டும் இல்ல. கோடைக் கூட்டம் போன பிறகு அறைகளும் பார்களும் நிரம்புறது இந்த அலையை நம்பி வர்றவங்களால. அதே சமயம் கப்பல் தளத்தில் வேலை பார்க்கிறவங்களும் அந்தச் சுத்துவட்டாரத்து ஆளுங்கதான். அதனால இதை நல்லவன் கெட்டவன் கதையா சொல்ல எனக்கு மனசு வரல. எனக்கு உறுத்துறது வேற. உர்தாய்பாய்னு சொல்ற இந்தக் கழிமுகத்தை 1984லேயே யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சாச்சு. பறவைக்கும் சதுப்பு நிலத்துக்கும் காகிதத்தில் பாதுகாப்பு இருந்தது. ஒரு அலைக்கும் பாதுகாப்பு வேணும்னு அது காணாமப் போற வரைக்கும் பெரிசா யாருக்கும் தோணல.

நல்லவேளை, கதை அதோட முடியல. ஆறும் குளிர்காலப் புயல்களும் சேர்ந்து மணலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்ப அடுக்குச்சு. 2006ல போட்டி திரும்பி வந்துச்சு, 2009 வரைக்கும் அங்க நடந்துச்சு. போட்டி அப்புறம் போயிடுச்சு, அலை இருக்கு.

இதைப் படிச்ச பிறகு, 'இன்னைக்குக் கண்டிஷன் எப்படி?'ன்னு யாராவது கேட்டா, அது வானிலைக் கேள்வி மட்டும் இல்லன்னு எனக்குத் தோணுது. ஆத்துக்குள்ள எவ்வளவு மணல் எடுத்தாங்க, யாரைக் கேட்டு எடுத்தாங்க, இதுவும் கண்டிஷன்தான். முந்தாகா திரும்பி வந்துச்சு. எல்லா இடமும் திரும்பி வரும்னு எந்தக் கடலும் எழுதிக் கொடுக்கல.