கற்பிப்பவருக்கும் தேர்வு

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் நிறுவிய ‘சர்ச்’ (SEARCH) அமைப்பு, 1990களில் 39 சிற்றூர்களில் கிராமப் பெண்களைப் பயிற்றுவித்துப் பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே பேணச் செய்தது. பிறந்த 28 நாள்களுக்குள் நேரும் மரணம் இதனால் 62 சதவீதம் குறைந்ததாக 1999இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கிராமப் பெண்களைப் பயிற்றுவிக்கும் இதே போன்ற வழியில், 2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கம், ஏறத்தாழ ஆயிரம் மக்களுக்கு ஒருவராக ‘ஆஷா’ எனப்படும் பெண் பணியாளர்களை அமர்த்தியபோது, பல லட்சம் பேருக்குக் கற்பிப்பவர் யார் என்ற வினா எழுந்தது. அதற்கு விடையாக, தேசிய மையங்களில் பயின்ற மாநிலப் பயிற்றுநர்கள் மாவட்டப் பயிற்றுநர்களையும், அவர்கள் ஆஷாக்களையும் உருவாக்கும் படிநிலைப் பயிற்சி அமைந்தது.

ஒவ்வொரு படியிலும் கைத்திறன் சிறிது கசிந்துபோவதே இம்முறையின் பெருங்குறை. பச்சிளங்குழந்தையின் சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணி, மூச்சு அறுபதை எட்டினால் அபாயம் என அறிவதையும், எடை பார்க்குமுன் வெற்றுத் தொட்டிலுடன் தராசு முள்ளைச் சுழியத்தில் நிறுத்துவதையும், செய்து காட்டத் தெரியாத ஒருவர் சொல்லால் மட்டும் கற்பித்துவிட முடியாது.

ஆகவே, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகச் சான்றிதழ் முறை வகுக்கப்பட்டபோது, ஆஷாக்களோடு பயிற்றுநர்களும் மதிப்பிடப்பட வேண்டும் என்றும், பயிற்சி மையங்களும் அங்கீகாரம் பெற வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது மிகச் சரியான முடிவாகும். எழுத்துத் தேர்வுடன் செய்முறைத் தேர்வும் அதில் இடம்பெற்றது.