அலுவிகாரையும் ஏட்டின் ஆயுளும்

மாத்தளை நகருக்கு வடக்கே, கண்டி – யாழ்ப்பாண வீதியோரத்தில், ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரைக் குகைகள் அமைந்துள்ளன. வாய்மொழியாகப் பேணப்பட்டு வந்த பாளித் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமினி அபயன் காலத்தில் இங்கேயே ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. மகாவம்சம் எழுதப்பட்ட செய்தியைக் கூறுகின்றதேயன்றி இடத்தைச் சுட்டவில்லை. இடப்பெயரைத் தருவன பிற்கால நூல்களே.

எழுதவேண்டிய தேவை ஏன் எழுந்தது? தமிழ்த் தலைவர் ஐவர் அக்காலத்தில் அனுராதபுரத்தைக் கைப்பற்றி ஆண்டமையை மட்டுமே காரணமாகக் காட்டும் விளக்கங்கள் போதியனவல்ல என்பது எமது கருத்து. அதே காலத்துப் பெரும் பஞ்சமும், அபயகிரி விகாரையின் தோற்றத்தால் மகாவிகாரை எதிர்கொண்ட போட்டியும் உடன்வைத்து நோக்கத்தக்கன. மனனம் செய்வோரை ஊட்டியது குடியானவரின் உபரி நெல். அது அற்றபோது மரபும் தளர்ந்தது. உரைநூல் தரும் செய்தியொன்று இதனை நன்கு புலப்படுத்துகின்றது. அப்பேரிடர்க் காலத்தில் மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்திருந்தவர் ஒரேயொரு பிக்கு. அவரோ ஒழுக்கங் கெட்டவர். அவரிடம் பாடங் கேட்க மகாரக்கித தேரர் பெரிதும் தயங்கினார். நூல் அழிந்துவிடுமே என்பதனாலேயே ஈற்றில் இசைந்தார்.

ஆனால் ஏடும் நிலையானதன்று. தாளிப்பனைக் குருத்தோலையை அவித்து, உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியாற் கீறிக் கரி கலந்த எண்ணெய் பூசுவர். எழுத்துத் துலங்கும், பூச்சியும் ஓரளவு விலகும். எனினும் ஈரலிப்பும் செல்லும் மிகுந்த இந்நாட்டில் ஏடு சில நூற்றாண்டுகளே தாங்கும். ஆகவே 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது அலுவிகாரை நூலகத்தில் அழிந்தனவாகக் கூறப்படுபவை ஆதி ஏடுகளாயிருத்தல் அரிது. படிகளின் படிகளே அவை. திரிபிடகம் அதனால் மறையவில்லை. பர்மாவிலும் சீயத்திலும் படிகள் இருந்தன. 1753இல் சீயத்துப் பிக்குகள் கண்டிக்கு வந்து உபசம்பதா மரபை மீள நிறுவியமையும் அத்தொடர்பின் பயனே. மாந்தலையில் 1868 அளவில் 729 சலவைக் கற்களில் அது முழுமையாகப் பொறிக்கப்பட்டது. தரவுகளைப் பல கணினித் தட்டுகளிற் பகிர்ந்து வைத்து, ஒன்று பழுதுற மற்றவற்றால் மீட்கும் இன்றைய முறையும் இதனின் வேறன்று. அத்தட்டுகளின் ஆயுளோ ஏட்டினதைவிட மிகக் குறைவு.

படிகள் பெருகப் பிழைகளும் பெருகும் என்பது உண்மையே. எனினும் வெவ்வேறு வழிவந்த படிகள் கிடைப்பின், ஒன்றின் பிழையை மற்றொன்றால் திருத்தலாம். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியது சிதையும் ஏடுகளுடன் போராடியே.

அலுவிகாரையைக் கடந்து வடக்கே செல்லும் வீதி யாழ்ப்பாணத்தை அடைகின்றது. அங்குள்ள பொது நூலகத்தில் 1981ஆம் ஆண்டு மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தன. பின்னர் கட்டடம் மீள எழுப்பப்பட்டது. அச்சு நூல்களுட் பலவற்றைப் பிற இடங்களிலிருந்து பெற முடிந்தது. வேறெங்கும் படியெடுக்கப்படாத சுவடிகளுக்கு அவ்வழி இருக்கவில்லை.