பாம்புக்கல்லும் பெயரில்லாத இரண்டு பேரும்

புறக்கோட்டை நடைபாதையில மோதிரக்கல் பார்த்துக்கொண்டு நிண்டபோது கூட்டாளி கேட்டான்: "மச்சான், பாம்புக்கல் எண்டு ஒண்டு உண்மையா இருந்ததா?"

இருந்தது. இலங்கையில் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட 'சிலோன்' நூலில் அதைத் தமிழ்ப் பெயரோடேயே பதிந்திருக்கிறார்.

1854 மார்ச். பிந்தென்னைப் பக்கம் ஒரு காட்டுப்பாதை. டெனன்டின் நண்பர் ஒருவர் கண்ட காட்சி இது. தமிழர் ஒருவர் நாகபாம்பைப் பிடித்துக் கூடைக்குள் விடும்போது விரலில் கடி வாங்கினார். கூட வந்தவர் மடியிலிருந்து இரண்டு கறுப்புக் கற்களை எடுத்தார். வாதுமைக்கொட்டை அளவு, நல்லா மினுக்கினவை. காயத்தில் வைத்ததும் ஒட்டிக்கொண்டன. சில நிமிடத்தில் தானாக விழுந்தன. கடிபட்டவர் தேறிவிட்டார்.

டெனன்ட் அப்படியொரு கல்லை மைக்கேல் பரடேயிடம் கொடுத்தார். ஓம், பள்ளிக்கூடத்தில மின்சாரப் பாடத்தில வாற அதே பரடேதான். அவர் சோதித்துச் சொன்னது: இது கருக்கிய எலும்பு.

எலும்பின் நுண்துளைகள் இரத்தத்தை உறிஞ்சுவதால் அது ஒட்டுகிறது. உள்ளே போன நஞ்சை அதால் எடுக்க முடியாது. எல்லாக் கடியிலும் நஞ்சு இறங்குவதில்லை. கல்லுக்குப் பேர் வந்தது அதாலயும்தான். இண்டைக்குக் கடிச்சால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேணும்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. டெனன்டுக்குப் பெயர் இருக்கு, பரடேக்கும் இருக்கு. பாம்பை வெறுங்கையால் பிடித்தவரும், கல்லை மடியில் காத்தவரும் அந்த நூலில் வெறும் "இரண்டு தமிழர்".