பழைய கார் வாங்குமுன் அதன் வரலாற்றைப் பார்ப்போம்



2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. ஆனாலும் புதிய காரின் வரி நமக்கு எட்டாது. அதனால் "இருபது வருஷப் பழைய காரை வாங்கலாமா?" என்ற கேள்வி நம்மூரில் இன்னும் ஓயவில்லை. உம்மாவின் நகையையோ ஒரு துண்டு வளவையோ விற்றுத்தான் அதையும் வாங்குகிறோம். ஆகவே கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

இந்த நாட்டில் பழைய காரின் விலையைத் தீர்மானித்தது பெரும்பாலும் துறைமுகத்தின் கதவுதான். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. இருந்த மொறிஸ் மைனரையும் ஒஸ்டினையும் மக்கள் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். பாஸ்மாரின் கைத்திறன் அப்படித்தான் வளர்ந்தது. பிற்காலத்தில் மொறிஸ் மைனருக்கான பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே போயின.

1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. பின்னால் ஜப்பான் ரீகண்டிஷன் கார்களும் வந்திறங்கின. ஜப்பானில் புதிய காருக்கு 3 வருடத்திலும், பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. செலவு அதிகம் என்பதால் பலர் நல்ல நிலையிலேயே காரை விற்றுவிடுவார்கள். அங்கும் வீதியின் இடப்பக்க ஓட்டம்தான். அதனால் அவை நமக்குப் பொருந்தின.

நம்பர் பிளேட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1957 இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தபோது வடக்கு கிழக்கில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2000க்குப் பிறகு மாகாணத்தைக் காட்டும் எழுத்துகள் வந்தன. ஆனால் பிளேட் சொல்வது இங்கே பதிந்த காலத்தை மட்டுமே. ரீகண்டிஷன் காரின் உண்மையான வயதைப் பதிவுப் புத்தகத்தில் உற்பத்தி ஆண்டைப் பார்த்தே அறியலாம்.

2020 மார்ச்சில் கதவு மறுபடி மூடியது. ஏறக்குறைய ஐந்து வருடம் ஓடிய கார், வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றது. அதைப் பார்த்துக் காரையும் காணி போல நினைக்கத் தொடங்கினோம். கதவு திறந்திருக்கும்போது அந்தக் கணக்கு சரிவராது. கார் தேயும் பொருள்.

2022 எரிபொருள் நெருக்கடியும் ஒன்றைக் கற்பித்தது. கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கியபோது, பெயர் மாற்றாமல் 'ஓப்பன் பேப்பரில்' வாங்கியவர்களில் சிலர் பழைய உரிமையாளரைத் தேடி அலைந்தார்கள்.

எனவே வாங்கப் போகும்போது நாம் பார்க்க வேண்டியவை:

– சஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா? லீசிங் பாக்கி உண்டா?
– அடித்தட்டில் துரு உண்டா? நமது உப்புக்காற்று பெயின்டுக்கு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும். மாரிமழை வெள்ளத்தில் நின்ற காரென்றால் சீட்டுக்கு அடியிலும் கார்ப்பெட்டைத் தூக்கியும் சேற்றுத் தடம் பாருங்கள்.
– உதிரிப்பாகம் கல்முனையிலேயே கிடைக்குமா? மாருதியும் சன்னியும் இத்தனை காலம் ஓடுவதற்கு இதுதான் காரணம்.
– விற்பவரின் ஆளல்லாத ஒரு பாஸைக் கூட்டிப் போங்கள்.

விலை போக, முதல் வருடத் திருத்த வேலைக்கும் கையில் காசு மிஞ்சினால் வாங்கலாம். மிஞ்சாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் மோட்டார் சைக்கிளிலேயே போவோம்.

விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குறையைச் சொல்லி விற்போம். மறைத்து விற்பதை மார்க்கம் அனுமதிக்கவில்லை. வாங்குகிறவர் நம்மூர்ப் பிள்ளைகளின் வாப்பாதான்.