மைதானம் முன், அரங்கம் பின்: அம்பத்தூர் ஆலை நிலங்களின் மறுவாழ்வு குறித்து

கைவிடப்பட்ட ஆலை நிலத்தின் நடுவே ஒரு கால்பந்து அரங்கத்தைக் கட்டிவிட்டால், அதைச் சுற்றியுள்ள வட்டாரம் தானாகவே தலைநிமிரும் என்ற நம்பிக்கை கடந்த முப்பது ஆண்டுகளில் நகரமைப்பாளர்களிடையே வேரூன்றிவிட்டது. சென்னையின் மேற்குப் புறநகரில், குறிப்பாக அம்பத்தூரில், பெரிய ஆலைகள் சில நின்றுபோன பிறகு அந்த நிலங்களை என்ன செய்வது என்ற கேள்வி எழும்போதும் இந்த நம்பிக்கை எட்டிப் பார்க்கிறது. இந்தக் கட்டுரை அதற்கு எதிரான ஒரு வாதத்தை வைக்கிறது. அம்பத்தூருக்குத் தேவை அரங்கம் அன்று. முழு அளவிலான, பொதுவுடைமையான, கட்டணமில்லாத மைதானம். அதைப் பெறப் புதிய சட்டமோ பெருந்திட்டமோ வேண்டியதில்லை. இப்போதுள்ள விதியை எந்தக் கட்டத்தில், எந்த வடிவில் பயன்படுத்துகிறோம் என்பதை மாற்றினால் போதும்.

அரங்கத்தை முன்வைப்போர் பெரும்பாலும் காட்டும் சான்று மான்செஸ்டர். கிழக்கு மான்செஸ்டரில் பிராட்ஃபர்டு நிலக்கரிச் சுரங்கம் 1968இல் மூடப்பட்டது. அந்த வட்டாரத்தின் மற்ற தொழில்களும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. 2002 காமன்வெல்த் போட்டிகளுக்காகப் பொதுப் பணத்தில் அங்கே அரங்கம் எழுந்தது. மறு ஆண்டு மான்செஸ்டர் சிட்டி அணி அங்கே குடிபெயர்ந்தது. அருகில் கிளேட்டன் அனிலின் நிறுவனத்தின் பழைய சாயத் தொழிற்சாலை நிலம் தூய்மைப்படுத்தப்பட்டு, 2014இல் 80 ஏக்கரில் பயிற்சி வளாகமாகியது. கதை இத்தோடு முடிந்தால் அழகுதான். ஆனால் கவனிக்கவேண்டியது வேறு. அரங்கம் மாநகராட்சியின் சொத்து. அணி நீண்டகாலக் குத்தகைதாரர் மட்டுமே. பயிற்சி வளாகத் திட்டத்தில் ஐந்தரை ஏக்கர் நிலம் சமூகப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டதால்தான் அங்கே கல்விக்கூடமும் உடற்பயிற்சி நிலையமும் வந்தன. அதே நகரில், அணி உரிமையாளர்களின் முதலீட்டுக் குழுவுடன் சேர்ந்து மாநகராட்சி நடத்திய வீட்டுவசதித் திட்டத்தில் பொது நிலம் மலிவாகக் கைமாறியது என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் குற்றஞ்சாட்டினர். மாநகராட்சி அதை மறுத்தது. யார் சொல்வது சரி என்பது இங்கே முக்கியமில்லை. நிலத்தை யார் வைத்திருந்தார்கள், எந்த நிபந்தனையில் விட்டுக்கொடுத்தார்கள் என்பதில்தான் பலன்கள் தீர்மானமாயின. அரங்கம் அந்தப் பேரத்தின் மேல் எழுந்த கட்டடம் மட்டுமே.

சென்னையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பெரியமேட்டில் ஜவஹர்லால் நேரு அரங்கம் 1993இல் புதுப்பொலிவு பெற்றது. 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. 2014 முதல் சென்னையின் எஃப்.சி. அணிக்கு அதுவே சொந்த மண். அந்த அணி இருமுறை இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையையும் வென்றது. இவ்வளவுக்குப் பிறகும் சுற்றுவட்டாரம் அரங்கத்தால் வாழவில்லை. பெரியமேட்டின் தோல் வணிகமும் தங்கும் விடுதிகளும் சென்ட்ரல் ரயில் நிலையத்தை நம்பியவை. காரணம் எளிது. 2024-25 பருவத்தில் பதின்மூன்று அணிகள் மோதிய தொடரில் ஓர் அணிக்குச் சொந்த மண்ணில் கிடைத்தவை பன்னிரண்டு ஆட்டங்கள். ஆண்டின் மற்ற மாலைகளில் அதே அணியால் அந்த வட்டாரத்துக்கு வரும் வருமானம் ஏதுமில்லை. அந்தப் பன்னிரண்டு ஆட்டங்களும் நிச்சயமல்ல, வணிக உரிமை ஒப்பந்தச் சிக்கலால் 2025இல் தொடரே உரிய காலத்தில் தொடங்கவில்லை. ஒரு வட்டாரத்தின் எதிர்காலத்தை இத்தகைய தொடரின் தோளில் ஏற்றுவது விவேகமாகத் தோன்றவில்லை.

மான்செஸ்டரைவிட நமக்கு நெருங்கிய பாடம் மும்பையில் இருக்கிறது. அங்கே மூடிய பஞ்சாலைகளின் நிலத்தை மூன்றாகப் பங்கிட 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 வழிவகுத்தது: ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001இல் ஒரு திருத்தம் வந்தது. ஆலைக் கட்டடங்களை இடித்தபின் காலியாகும் நிலம் கணக்கில் வராது, ஏற்கெனவே வெறுமையாகக் கிடந்த நிலம் மட்டுமே பங்கீட்டுக்கு உரியது என்றாகிவிட்டது. ஆலை நிலத்தின் பெரும்பகுதி கட்டடத்தின் கீழ்தான் இருக்கும் என்பது எவருக்கும் தெரியும். மும்பை உயர் நீதிமன்றம் 2005இல் குறுக்கிட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. மூன்றில் ஒன்று என்ற பங்கு ஏட்டில் அப்படியே நின்றது. எதன் மூன்றில் ஒன்று என்பது மட்டும் மாறிவிட்டது. ஒதுக்கீட்டின் விழுக்காட்டைவிட அது எந்தப் பரப்பில், எந்தக் கட்டத்தில் கணக்கிடப்படுகிறது என்பதே நகரத்துக்கு என்ன மிஞ்சும் என்பதை முடிவுசெய்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான ஏற்பாடு, கட்டுமானத் துறையினர் ஓ.எஸ்.ஆர். என்று அழைக்கும் திறந்தவெளி ஒதுக்கீடு. 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைக்கு இது இல்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை பத்து விழுக்காட்டை நிலமாகத் தர இயலாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டிவிடலாம். 10,000ஐத் தாண்டினால் சாலைகள் போக எஞ்சும் பரப்பில் பத்தில் ஒரு பங்கை நிலமாகவே தரவேண்டும். இப்போது கால்பந்தின் கணக்கைப் பார்ப்போம். முழு அளவிலான ஆடுகளம் 105க்கு 68 மீட்டர். கோட்டைச் சுற்றி மூன்று மீட்டர் விட்டால் 8,214 சதுர மீட்டர். இதைப் பத்து விழுக்காடாகக் கொண்ட நிலம் இருபது ஏக்கரைச் சற்றே தாண்டும். அதாவது, சாலைகள் போக இருபது ஏக்கரைச் சற்றே தாண்டும் பழைய ஆலை நிலம் ஒன்று ஒரே மனையாக அனுமதிக்கு வந்தால், இப்போதைய சட்டமே ஒரு முழு மைதானத்தைத் தந்துவிடுகிறது. அதே நிலம் ஐந்து கட்டங்களாக, ஐந்து தனித்தனிக் குடியிருப்புகளாக வந்தாலும் மொத்தப் பரப்பு குறையாது. ஆனால் மைதானம் காணாமல் போய்விடும். மிஞ்சுபவை ஐந்து சிறு பூங்காக்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஊஞ்சல், நான்கு சிமெண்டு பெஞ்சு, மாலை ஆறு மணிக்குப் பூட்டு.

எனவே வடிவமும் இடமும் முதலில் குறிக்கப்படவேண்டும். மாலை வெயில் கோல்காப்பாளர் கண்ணில் விழாமலிருக்க ஆடுகளம் ஏறத்தாழ வடக்கு தெற்காக அமையவேண்டும். லே-அவுட் போட்டு, சாலைகளை வரைந்து, எஞ்சிய மூலையை மைதானம் என்று பெயரிட்டால் இது நடக்காது. மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் சிக்கல் இன்னும் கூடுதல். 1964இல் உருவான அந்த எஸ்டேட் சிறுதொழில்களுக்கென்றே சிறு சிறு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பட்டறை இருந்த இடத்தில் மென்பொருள் அலுவலகம் வரும்போது அந்த மனை பெரும்பாலும் 3,000க்குள் அடங்கிவிடும், அல்லது பணம் கட்டித் தப்பிக்கும் வரம்பில் நிற்கும். எஸ்டேட்டுக்குள் இப்படி வசூலாகும் பணம் எஸ்டேட்டின் அருகிலேயே நிலம் வாங்கச் செலவிடப்பட்டால் ஒழிய, அங்கே திறந்தவெளி உருவாக வழியில்லை.

இங்கே ஒரு நேர்மையான எதிர்ப்பைச் சந்திக்கவேண்டும். அம்பத்தூர் இறந்த தொழில்நகரம் அன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தொழில்கள் இன்றும் இயங்குகின்றன. லேத்தும் பிரஸ்ஸும் ஓடும் இடத்தில் விளையாட்டைப் பேசுவது தொழிலாளியை வெளியேற்றுவதற்கான நாகரிகமான ஏற்பாடு ஆகிவிடாதா? இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. உலகெங்கும் ‘புத்துயிர்ப்பு’ என்ற பெயரில் முதலில் போனது வாழும் சிறுதொழில்தான். ஆகவே இந்த வாதத்தின் எல்லையைச் சுருக்கியாக வேண்டும். இயங்கும் பட்டறை நிலம் இதில் சேராது. உற்பத்தி நின்று, குடியிருப்பாகவோ வணிக வளாகமாகவோ பயன்பாட்டை மாற்றக் கோரி உரிமையாளரே விண்ணப்பிக்கும் நிலம் மட்டுமே இதில் சேரும். 1959இல் தொடங்கி, 2010களின் தொடக்கத்தில் உற்பத்தி முடங்கிய டன்லப் டயர் ஆலை இவ்வகைக்குக் கண்ணெதிரே உள்ள எடுத்துக்காட்டு.

டன்லப்பின் பெயரைச் சொன்னதும் இரண்டாவது எதிர்ப்பு வருகிறது, இதுவே வலுவானது. கொல்கத்தா உயர் நீதிமன்ற உத்தரவால் கலைப்புக்குச் சென்ற நிறுவனம் அது. இத்தகைய நிலத்தில் நிபந்தனை விதித்தால் ஏல விலை குறையும், நிலுவைக்காகக் காத்திருக்கும் தொழிலாளியின் கையில் சேரும் தொகையும் குறையும் என்பார்கள். ஆனால் பத்து விழுக்காடு புதிய சுமையன்று. ஏலத்தில் கலந்துகொள்ளும் எந்தக் கட்டுநரும் அதை ஏற்கெனவே கழித்துத்தான் விலை சொல்வார். அது ஒரே செவ்வகமாக, இன்ன இடத்தில் என்று ஏலத்துக்கு முன்பே குறிக்கப்பட்டால் வாங்குபவருக்கு ஐயம் குறையும். ஐயம் குறைந்த நிலம் மலிவாகப் போகவேண்டிய அவசியமில்லை. ஒரே துண்டாகக் கொடுப்பதால் கட்டடங்களை அடுக்கும் விதத்தில் சில சங்கடங்கள் வரலாம். அதை ஈடுகட்டத் தளப்பரப்புக் குறியீட்டில் சிறு சலுகை தரலாம். தொழிலாளியின் நிலுவையைக் கேடயமாக்கி மைதானத்தை மறுக்கும் வாதம், அதே நிலுவைக்காக வழக்கை விரைவுபடுத்தக் கோருவதில்லை என்பதையும் சொல்லிவைக்கலாம்.

மண்ணைப் பற்றிய எதிர்ப்பு வேறு வகை. டயர் ஆலை, பிளேட்டிங் பட்டறை, பெயிண்ட் கூடம் இருந்த நிலத்தில் குழந்தைகளை ஓடவிடலாமா? ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிய குரோமேட் தொழிற்சாலையின் கழிவுமேடு பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தது. கொடைக்கானலில் 2001இல் மூடிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்ற சச்சரவு இருபதாண்டு நீண்டது. இந்த அனுபவம் மைதானத்துக்கு எதிரானதன்று, ஆதரவானது என்றே படுகிறது. அதே நிலத்தில் அடுக்ககம் வந்தாலும் குழந்தைகள் அங்கேதான் வாழப்போகிறார்கள். ஆனால் அடித்தளத்துக்குள் புதைந்த நஞ்சை எவரும் அளப்பதில்லை. வெறுங்காலோடு விளையாடும் இடம் என்று முன்கூட்டியே அறிவித்தால் கடுமையான அளவுகோல் கட்டாயமாகிறது. மாசடைந்த இடங்களுக்கென மத்திய அரசு 2025இல் விதிகளை அறிவித்திருப்பதால், செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு இப்போது சட்ட வழியும் உண்டு. செயற்கைப் புல்லைப் போர்த்தி நஞ்சை மூடிவிடும் குறுக்குவழிதான் ஆபத்தானது. அது மண்ணையும் ஆற்றாது, நீரையும் உறிஞ்சாது.

நீர் இங்கே ஒரு கிளைக்கதை அன்று. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் பக்கமும் நீர் இறங்கும் சங்கிலியில்தான் இந்தத் தொழிற்பகுதி உட்கார்ந்திருக்கிறது. ஆலைக் கழிவும் சாக்கடையும் கொரட்டூர் ஏரியில் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எஸ்டேட்டுக்குள் புகுந்த வெள்ளம் இயந்திரங்களை மூழ்கடித்தது. சுற்றுப்புறத்தைவிட ஓரடி தாழ்ந்த இயற்கைப் புல் மைதானம் பெருமழையின்போது சில மணிநேரம் நீரைத் தேக்கி, பிறகு வடியவிடும். 8,214 சதுர மீட்டரில் ஓரடி நீர் என்பது ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர். வெள்ளத்தை நிறுத்த இது போதாது; ஆனால் கான்கிரீட் தளம் இதில் ஒரு லிட்டரைக்கூடத் தாங்காது. கிண்டி குதிரைப் பந்தய நிலத்தை அரசு 2024இல் மீட்டபின் அங்கே குளங்கள் வெட்டப்பட்டதற்கும் இதே தர்க்கம்தான் அடிப்படை.

மைதானம் கிடைத்துவிட்டால் போதுமா? 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாருக்கு விட்டு, ஆட்டக்காரர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க வழிசெய்யும் தீர்மானத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. பராமரிப்புச் செலவு என்ற காரணம் பொய்யன்று. செயற்கைப் புல் சில ஆண்டுகளில் தேய்ந்து மாற்றவேண்டியதாகும். ஆனால் ஆளுக்கு 120 ரூபாய் என்றால் பதினொருவர் அணிக்கு மணிக்கு 1,320 ரூபாய். வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் கால்பந்து வளர்ந்தது அந்தக் கணக்கில் அன்று. பராமரிப்புக்கு நிதி வேண்டுமானால், பக்கத்தில் எழும் குடியிருப்பின் சொத்து வரியில் ஒரு பங்கை மைதானத்துக்கென ஒதுக்கலாம். மைதானத்தால் விலை உயர்வது அந்த வீடுகளுக்குத்தானே. பெண்கள் அணிகளுக்கு மாலை நேரத்தைப் பதிவேட்டிலேயே ஒதுக்காவிட்டால், கட்டணமில்லாத மைதானமும் ஆண்பிள்ளைகளின் மைதானமாகவே முடியும் என்பதும் உண்மை.

ஆவடியின் நிலை வேறு. 1960களில் வந்த கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் மத்திய அரசின் நிலத்தில் இன்றும் இயங்குகின்றன; 2021இல் அவை புதிய அரசு நிறுவனங்களின் கீழ் கொண்டுவரப்பட்டன. அவற்றின் குடியிருப்பு வளாகங்களில் மைதானங்கள் உண்டு, வேலிக்குள். அங்கே கேட்கவேண்டியது புது நிலமன்று, பகிர்வு ஒப்பந்தம். பூந்தமல்லியில் மெட்ரோ வருகையால் நிலம் கைமாறும் வேகமே கூடுதல் சிக்கல். அங்கே ஆலை நிலத்தைவிட வயல்தான் மனையாகிறது. இந்த வாதம் முழுமையாகப் பொருந்துவது அம்பத்தூருக்கே.

சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது, மூன்றாவது தயாராகிறது. தொழில் நிலத்தைக் குடியிருப்பாக மாற்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) ஒப்புதல் தேவை என்பதால், பேரத்தின் பிடி இன்னும் பொதுத்தரப்பின் கையில்தான் இருக்கிறது. இருபது ஏக்கருக்கு மேற்பட்ட எந்த ஆலை நிலத்துக்கும், பயன்பாட்டு மாற்றத்துக்கு முன்பே, மொத்தத் தாய் நிலத்தின்மீது கணக்கிட்டு, 111க்கு 74 மீட்டர் செவ்வகம் ஒன்றை மாநகராட்சிக்குத் தானமாக எழுதித் தரவேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மூன்றாவது திட்டத்தில் சேர்க்கலாம். பார்வையாளர் மாடம் கட்டுவதா, எத்தனை இருக்கை என்பதையெல்லாம் அங்கே ஆட்டம் நடந்து, கூட்டம் வந்த பிறகு யோசிக்க நேரமிருக்கும்.