தொலைக்காட்சியில் பட விகிதம்: 4:3 முதல் 16:9 வரை

தொலைக்காட்சிப் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் பட விகிதம் எனப்படுகிறது. 4:3 என்றால் அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு. இன்று கடைகளில் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் 16:9 வடிவில் உள்ளன. ஒரு வடிவில் எடுத்த படத்தை வேறு வடிவத் திரையில் காட்ட நேரும்போது ஒளிபரப்பாளருக்கு மூன்று வழிகளே உண்டு. படத்தின் ஓரங்களை வெட்டலாம். கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் சிறிதாக்கிக் காட்டலாம். அல்லது படத்தை இழுத்து நிரப்பலாம். முதல் வழியில் படத்தின் ஒரு பகுதி போகிறது. இரண்டாவதில் அளவு போகிறது. மூன்றாவதில் உருவமே கெடுகிறது. எதை இழப்பது, அதை யார் முடிவு செய்வது என்பதுதான் இந்த வரலாறு முழுவதும் தொடர்ந்து வரும் சிக்கல்.

4:3 வந்த வழி

இந்த விகிதம் தொலைக்காட்சிக்காக உருவானதன்று. தாமஸ் எடிசனின் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்லியம் டிக்சன், 1890களின் தொடக்கத்தில் 35 மி.மீ. படச்சுருளில் ஒரு சட்டகத்துக்கு நான்கு துளைகள் என்று அமைத்தார். அதில் கிடைத்த வடிவம் 4:3. பேசும்படம் வந்தபின் சுருளின் ஓரத்தில் ஒலித்தடத்துக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. அதற்கேற்ப 1932இல் ஹாலிவுட் 1.37:1 என்ற அகாதமி விகிதத்தை ஏற்றது. 4:3 என்பதும் 1.33:1 தான் என்பதால் வேறுபாடு மிகச் சிறியது.

தொலைக்காட்சி இதையே பின்பற்றியது. அமெரிக்கா 1941இல் 525 கோட்டு முறையை 4:3 வடிவில் தரப்படுத்தியது. 1936இல் ஒளிபரப்பைத் தொடங்கிய பிபிசி முதலில் 5:4 வடிவில் இருந்து, 1950இல் 4:3க்கு மாறியது. இந்தியாவின் தூர்தர்ஷனும் 625 கோடுகள் கொண்ட 4:3 படத்தையே ஒளிபரப்பியது. திரையரங்கின் படமும் வீட்டுப் பெட்டியின் படமும் ஒரே வடிவில் இருந்தவரை யாருக்கும் தொல்லை இல்லை.

அகலத்திரையும் வெட்டலும்

மக்கள் வீட்டிலேயே தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கியதும் ஹாலிவுட்டுக்கு வசூல் குறைந்தது. வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தர வேண்டும் என்று அது தேர்ந்தெடுத்தது அகலத்தை. 1953இல் வெளிவந்த 'த ரோப்' படத்துடன் சினிமாஸ்கோப் அறிமுகமானது. அதன் விகிதம் 2.55:1, சில ஆண்டுகளில் அது 2.35:1 ஆனது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'.

பிறகு அதே படங்களைத் தொலைக்காட்சியே வாங்கிக் காட்டியது. 1961 செப்டம்பர் 23 அன்று அமெரிக்காவின் என்பிசி நிறுவனம் சனிக்கிழமை இரவுத் திரைப்பட வரிசையைத் தொடங்கியது. முதலில் காட்டப்பட்ட 'ஹவ் டு மேரி எ மில்லியனர்' ஒரு சினிமாஸ்கோப் படம். இத்தகைய படங்களுக்குப் பயன்பட்ட முறை 'பேன் அண்ட் ஸ்கேன்'. ஒரு தொழில்நுட்பர் படத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு காட்சியிலும் எந்தப் பகுதி 4:3 சட்டத்துக்குள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுப்பார். தேவைப்பட்டால் சட்டத்தை இடமிருந்து வலமாக நகர்த்துவார்.

இழப்பின் அளவை எளிதாகக் கணக்கிடலாம். 1.33ஐ 2.35ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.57 வரும். அதாவது படத்தில் 43 விழுக்காடு கண்ணுக்கே வராது. திரையின் இரு முனைகளிலும் இருவர் நின்று பேசும் காட்சியை எடுத்துக்கொண்டால், பேசுபவர் தெரிவார், கேட்பவர் தெரியமாட்டார். இயக்குநர் ஒரே ஓட்டமாக எடுத்த காட்சியில் அவர் வைக்காத வெட்டும் அவர் செய்யாத கேமரா நகர்வும் சேர்ந்துவிடும். உண்மையில் அது வேறொருவர் தொகுத்த படம்.

மாற்று வழி 'லெட்டர்பாக்ஸ்': மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் காட்டுவது. இதில் 576 கோடுகளில் ஏறத்தாழ 327 மட்டுமே படத்துக்குக் கிடைக்கும். சிறிய பெட்டியில் முகங்கள் இன்னும் சிறுத்துவிடும். பார்ப்பவர்களோ பட்டைகளைக் கண்டு, பாதிப் படம் மறைக்கப்படுகிறது என்று எண்ணினார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு என்பதை எடுத்துச் சொல்வது எளிதாக இல்லை.

இயக்குநர் சிட்னி போலக் இதை நீதிமன்றத்துக்கே கொண்டு சென்றார். அவர் 1975இல் எடுத்த 'த்ரீ டேஸ் ஆஃப் த காண்டோர்' படத்தை டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனம் ஓரங்களை வெட்டிக் காட்டியிருந்தது. அந்த வெட்டல் படைப்பாளியின் உரிமையை மீறுவதாகும் என்று 1997இல் டென்மார்க் நீதிமன்றம் கருதியது. ஆனாலும் சட்ட நுணுக்கம் ஒன்றால் வழக்கு போலக்குக்குச் சாதகமாக முடியவில்லை.

16:9 எப்படி வந்தது

1980களில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்குப் புதிய வடிவம் ஒன்று தேவைப்பட்டது. ஜப்பானின் என்எச்கே முதலில் 5:3ஐ வைத்து ஆய்வு செய்துவந்தது. அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், அன்று வழக்கில் இருந்த 1.33 முதல் 2.35 வரையிலான விகிதங்களில் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களை வரைந்து, மையம் பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கிய வெளிச் செவ்வகத்தின் விகிதமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகத்தின் விகிதமும் ஏறக்குறைய 1.77 ஆக இருந்தன. கணிதம் படிப்போர் இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: 1.33, 2.35 இரண்டின் பெருக்கற் சராசரியும் 1.77 தான். 16:9 அதற்கு மிக நெருங்கிய முழு எண் விகிதம். 4, 3 ஆகியவற்றின் வர்க்கங்களே 16, 9 என்பது கூடுதல் அழகு.

அக்காலத்தில் எந்தத் திரைப்படத் தரமும் 16:9 ஆக இருக்கவில்லை. எல்லாருடைய படத்திலும் கொஞ்சம் மட்டுமே இழக்கச் செய்யும் வடிவம் என்பதே அதன் தகுதி.

14:9 என்ற சமரசம்

புதிய வடிவம் வந்தாலும் பழைய பெட்டிகள் ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. 1998இல் எண்ணிம ஒளிபரப்பைத் தொடங்கிய பிரிட்டனில் இச்சிக்கல் கூர்மையாக எழுந்தது. புதிய பெட்டிக்கு 16:9 படம் வேண்டும். வீடுகளில் இருந்தவையோ பெரும்பாலும் 4:3 பெட்டிகள். அங்கு கண்ட வழி 14:9. 4:3ஐ 12:9 என்று எழுதிப் பார்த்தால் 14:9 சரியாக நடுவில் வருவது தெரியும். பழைய பெட்டிக்கு அனுப்பும் படத்தில் இரு பக்கமும் சுமார் 6 விழுக்காடு வெட்டப்பட்டது. மேலும் கீழும் சுமார் 7 விழுக்காடு உயரத்துக்கு மெல்லிய பட்டைகள் வந்தன. ஒளிப்பதிவாளர்கள் முக்கியமானவற்றை 14:9க்குள் வைத்தே படமெடுத்தார்கள். இரண்டு திரைகளுக்கும் முழு நிறைவு இல்லை; இரண்டிலும் பார்க்க முடிந்தது.

பெட்டிக்கு வடிவத்தைத் தெரிவிக்கும் குறிகளும் உருவாயின. அலைமருவி ஒளிபரப்பில் 625 கோடுகளுள் 23ஆவது கோட்டில் இச்செய்தி வைக்கப்பட்டது. எண்ணிம ஒளிபரப்பில் 720 × 576 புள்ளிகள் கொண்ட ஒரே சட்டகம் 4:3 ஆகவும் 16:9 ஆகவும் இருக்கலாம். எது என்பதைக் கூடவே வரும் குறியே சொல்கிறது. படத்தின் பயனுள்ள பகுதி எது, எதை வெட்டலாம் என்று அறிவிக்க நான்கு பிட் கொண்ட 'ஏஎஃப்டி' குறியீடும் வந்தது. குறி தவறினால் மனிதர்கள் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரிவார்கள்.

குறி சரியாக இருந்தாலும் ரிமோட் பார்ப்பவர் கையில் இருக்கிறது. 2006இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வழங்கப்பட்டவை 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள்; அவை 4:3 வடிவின. பிறகு தட்டைத் திரை வாங்கிய வீடுகளில் 4:3 ஒளிபரப்பைத் திரை முழுவதும் இழுத்துப் பார்ப்பது சாதாரணமாயிற்று. அப்போது அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. வட்டம் நீள்வட்டமாகிறது. காசு கொடுத்து வாங்கிய திரையில் பக்கப் பட்டைகளுக்கு இடம் விட மனம் வராதது இயல்புதான்.

பழைய நிகழ்ச்சிகளின் நிலை

இப்போது வெட்டு திசை மாறியிருக்கிறது. 4:3இல் எடுத்த தொடர்களை 16:9 திரைக்கு நிரப்ப மேலும் கீழும் வெட்டுகிறார்கள். படத்தில் கால் பங்கு போகிறது. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது 'த சிம்ப்சன்ஸ்' தொடரின் பழைய பகுதிகள் இவ்வாறே வந்தன. டஃப் மதுபான ஆலைக் காட்சியில் மூன்று வகைப் பீர்களும் மேலே ஒரே குழாயிலிருந்து வருவதுதான் நகைச்சுவை. வெட்டியதில் அந்தக் குழாய் காணாமற்போனது. ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2020 மே மாதத்தில் 4:3 வடிவிலும் பார்க்கும் வசதி தரப்பட்டது.

கைப்பேசியை நிறுத்திப் பிடித்து எடுக்கும் காட்சிகள் 9:16 வடிவின. செய்தியில் அவற்றைக் காட்டும்போது 16:9 திரையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்புவதில்லை. மீதியிடத்தை அதே படத்தை மங்கலாக்கிப் பெரிதுபடுத்தி நிரப்புகின்றன செய்தி அலைவரிசைகள். வெட்டாமல், இழுக்காமல், கறுப்புப் பட்டையும் தெரியாமல் காட்ட இப்போது வழக்கமாகியுள்ள முறை இது.