முடக்குவாதமும் ரவீந்தர் மைனியும்

நாகர்கோவிலில் மூட்டுவலி என்றாலே தைலம்தான். ஆனால் முடக்குவாதம் வேறு. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளை அரிக்கும் நோய் அது. லூதியானாவில் 1937-ல் பிறந்த ரவீந்தர் மைனி, லண்டன் கென்னடி வாதநோய் ஆய்வு நிலையத்தில் மார்க் ஃபெல்ட்மனோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார்.

வீங்கிய மூட்டில் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் பல. டி.என்.எஃப். என்ற ஒன்றை மட்டும் தடுத்து என்ன பயன் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். நியாயம்தானே! ஆனால் அதைத் தடுத்தால் மற்றவையும் அடங்குவதை இவர்கள் ஆய்வகத்தில் பார்த்திருந்தார்கள். 1992-ல் நோயாளிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். அந்த 20 பேர் சோதனையில் வலியும் வீக்கமும் நன்றாகக் குறைந்தன. நிறுத்தியதும் நோய் திரும்பியது, மறுபடி போட்டதும் அடங்கியது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய சான்று.

2003-ல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. ஒளிந்திருக்கும் காசநோயை இம்மருந்து கிளப்பிவிடலாம். அதனால் முதலில் அந்தச் சோதனை, பிறகே ஊசி.